பட்டமரத்தில் ஒரு புதையல்

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விறகு வியாபாரி தோட்டத்துக்கு வந்து, வேலியோரம் பட்டுப்போய் நின்ற வாகை மரத்துக்கு மூவாயிரம் ரூபாய் விலை பேசினார். கையோடு ஐந்நூறு முன்பணம் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமை ஆளோட வரேன் சார்" என்று கிளம்பினார். வறட்சிக் காலத்தில் மூவாயிரம் நல்ல பணம்தானே!

மறுநாள் சென்னையிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தார்கள். செல்போனைக் கீழே வைக்க வேண்டுமே, அதற்காக ஒரு விளையாட்டு யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பக்கத்து நிலத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து தோட்டம் வரை புதையல் வேட்டை. ஆளுக்கொரு சீட்டு. அதில் எழுதியிருந்தவை: வட்டமான ஒரு பொந்து, மரத்தடியில் புது மரச்சிராய், எறும்புச் சாரை ஏறும் ஒரு மரம், 'டொக் டொக்' சத்தம், அதைப் போட்டது யார்?

முதலில் கேட்ட 'டுக் டுக்' எல்லோரையும் ஏமாற்றியது. அது குக்குறுவான். செப்புப் பாத்திரம் தட்டுவதுபோல் இருந்தாலும் அது தொண்டையிலிருந்து வரும் குரல், மரத்தைக் கொத்துவதில்லை.

கடைசியில் மரச்சிராயைக் கண்டுபிடித்தது என் பேத்தி. விற்ற வாகை மரத்தடியில்! மேலே பொன்முதுகு மரங்கொத்தி. உச்சி முழுக்கச் சிவப்பு, அதனால் ஆண். பெண்ணுக்கு நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்கொண்டை மட்டும் சிவப்பு. விறைப்பான வாலை மரத்தில் ஊன்றி, முன்னே இரண்டு பின்னே இரண்டு விரல்களால் பட்டையைப் பற்றிக்கொண்டு, எறும்பையும் வண்டுப் புழுவையும் நீண்ட நாக்கால் துழாவி எடுத்தது. கூலி கேட்காத ஆள்.

"தாத்தா, இந்த மரத்த வித்துட்டீங்களாமே? அப்போ அது எங்க போவும்?"

எனக்குப் பதில் வரவில்லை.

மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போகும் பொந்தில் பிறகு மைனா, கிளி, புள்ளி ஆந்தை என்று ஒவ்வொன்றாகக் குடிவரும். அவை பெரும்பாலும் தாமாகப் பொந்து குடைவதில்லை. அந்த ஆந்தைதான் ராத்திரியில் நம் வயல் எலிக்குஞ்சையும் பூச்சியையும் பிடிக்கிறது. ஒரு மரம் போனால் இத்தனை குடும்பமும் போகும்.

நம் அண்ணாமலையார் மலையைப் பாருங்கள். ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் வனத்துறையும், தி ஃபாரஸ்ட் வே போன்ற அறக்கட்டளைகளும் பல வருஷமாக மரம் நட்டு, கோடையில் தீத்தடுப்புக் கோடு போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். நட்ட மரம் நிழல் தரச் சில வருஷம் போதும். பொந்து தர அதைவிட நெடுங்காலம் ஆகும். அதுவரை நம் தோட்டத்துக் கிழட்டு மரங்கள்தான் பறவைகளுக்கு வீடு.

திங்கட்கிழமை ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன். "பட்டமரத்துக்குப் போயி ரூபாய விடுறீங்களே சார்" என்று வியாபாரி சிரித்தார். முப்பது வருஷம் வங்கியில் வட்டிக் கணக்குப் பார்த்தவன் நான். இது நஷ்டக் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பட்ட தென்னையை மட்டும் விட்டுவைக்காதீர்கள். மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும். வீடு, பாதை, மின்கம்பி பக்கம் நிற்கும் பட்டமரமும் ஆபத்து. மற்றபடி வேலியோரம் ஒரு வேம்போ வாகையோ பட்டு நின்றால் நிற்கட்டும்.

வரும் ஞாயிறு நீங்களும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சத்தம் போடக் கூடாது, பொந்தில் கைவிடக் கூடாது, செல்போனில் பறவைக் குரல் போட்டு ஏமாற்றக் கூடாது. மாசி தொடங்கி ஆடி வரை கூடு வைக்கும் காலம். தள்ளி நின்றே பாருங்கள்.