முற்பணம் யாருடைய பணம்?

கண்டி நகரில் வீடு தேடுவோர் வாடகை எவ்வளவு என்று கேட்ட மறுகணமே, ‘அட்வான்ஸ்’ எவ்வளவு என்று கேட்கின்றனர். கட்டுகஸ்தோட்டையிலும் அம்பிட்டியவிலும் பேராதனையைச் சூழ்ந்த ஊர்களிலும் பலருக்கு வீட்டுக் கதவை அடைத்துவிடுவது இம்முற்பணமே. மாத வாடகை முப்பதாயிரம் ரூபாவாயின், ஓராண்டு முற்பணம் 360,000 ரூபாவாகும். இடமாற்றம் பெற்றுவரும் ஆசிரியரோ, பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தோட்டத் தொழிலாளியோ இத்தொகைக்கு எங்கே போவார்?

நமது சட்டம் இதுபற்றி மௌனஞ் சாதிக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், தனக்குட்பட்ட வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கோரலாகாது என விதித்தது. ஆயினும், 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் பல வீடுகளை அதன் வரம்பினின்றும் விலக்கின. அத்தகைய வீடுகளில் இருதரப்பாரும் செய்துகொள்ளும் உடன்படிக்கையே பெரிதும் துணை. அதிலும் ஒரு சிக்கலுண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெறுந்தாளில் எழுதிய வாசகத்தை நம்பியிருப்போர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

முற்பணம் என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு பணங்கள் ஒளிந்திருப்பதே பிணக்குகளுக்கு மூலமென்று நான் கருதுகிறேன். ஒன்று, மாதந்தோறும் கழிந்துபோகும் முன்வாடகை. மற்றது, வீட்டுக்குச் சேதம் நேர்ந்தாலோ மின்கட்டணம் நிலுவையானாலோ ஈடுசெய்வதற்கான பிணைப்பணம். பிந்தியது குடியிருப்பவரின் உடைமை. வீட்டுக்காரரிடம் அஃது அடைக்கலமாக இருப்பது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், உடன்படிக்கை வேறுவிதமாகக் கூறாதவிடத்து, பிணைப்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் அடக்கி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துள், உரிய கழிவு போக, திருப்பித் தரவேண்டும் என்கிறது. இங்கிலாந்திலோ 2007 முதல் அப்பணம் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டமொன்றின் கீழ் வரவேண்டும்.

வீட்டுக்காரரின் அச்சமும் பொய்யன்று. உடைந்த கதவும் கட்டாத தண்ணீர்ப் பட்டியலும் அவர் தலையிலேயே விழுகின்றன. ஆனால், மலைச்சரிவில் கட்டிய வீட்டின் சுவரில் மழைக்காலத்து ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்தால், அது குடியிருந்தவரின் குற்றமாகுமா? அக்கறைக்காகவே முற்பணத்தின் பெரும்பகுதியை இழந்து வெளியேறிய மாணவர்களை நான் அறிவேன். பற்றுச்சீட்டு இல்லாமையால் அவர்கள் வாய்பேச இயலாது நின்றனர்.

வீடு கைமாறும் நாளில் சுவர், கூரை, குழாய், மின்மானி ஆகியவற்றின் நிலையை இருவரும் சேர்ந்து எழுதிக் கையொப்பமிடுக. முன்வாடகைக்கும் பிணைப்பணத்துக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டுப் பெறுக. எவ்வெக் காரணத்துக்குக் கழிக்கலாம், மீதியை எத்தனை நாளில் தரவேண்டும் என்பதையும் நொத்தாரிசு எழுதும் உறுதியிலேயே சேர்த்துக்கொள்க. இதற்காகும் சிறு செலவைப் பாராது முன்வரும் வீட்டுக்காரரை நம் மாணவர் நன்றியோடு நினைப்பர். அடுத்த குடியையும் அவர்களே அழைத்து வருவர்.