இன்னைக்கு வந்த படம் நாளைக்கும் வருமா?

"பைத்தான் கத்துக்கப் போறேன், ஜூப்பிட்டரா ஸ்பைடரா, எதுல ஆரம்பிக்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேகம், வசதி, விலை என்று பட்டியல் போடலாம். ஆனால் எனக்கு இப்போது ஒரே கேள்விதான் முக்கியம்: இன்று வரைந்த படம் நாளைக்கும் அதேபோல் வருமா? இது பட்டுத் தெரிந்துகொண்டது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மாவட்டத்தின் ஆண்டு மழையளவை ஜூப்பிட்டரில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு தாறுமாறாகக் குதித்ததால் ஐந்தாண்டு நகரும் சராசரி எடுத்தேன். அடடா, அழகான அலை! அதைச் சூரியப் புள்ளிகளின் சுழற்சியோடு முடிச்சுப் போட்டு மூன்று பக்கம் எழுதியும் விட்டேன். சரிபார்க்கச் சொல்லி நண்பருக்கு நோட்புக்கை அனுப்பினேன். அவர் கணினியில் அலையைக் காணோம், கரடுமுரடான கோடுதான் வந்தது.

விஷயம் சின்னது. 'மழை = சராசரி(மழை)' என்ற மாதிரி ஒரு வரி. அந்தச் செல்லை நான் மூன்று நான்கு முறை ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பழைய மழை போய், சராசரிக்கே சராசரி வந்து உட்கார்ந்திருக்கிறது. வெறும் தற்செயல் எண்களுக்கு இப்படித் திரும்பத் திரும்பச் சராசரி எடுத்தால் இல்லாத சுழற்சி இருப்பதுபோலத் தோன்றும் என்று ரஷ்யப் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி 1927-லேயே காட்டிவிட்டார். நான் கண்டுபிடித்தது மழையின் அலை இல்லை, என் விரலின் அலை!

ஜூப்பிட்டரின் பலமும் பலவீனமும் இதுதான். 2001-ல் ஃபெர்னாண்டோ பெரெஸ் தொடங்கிய ஐபைத்தானிலிருந்து வளர்ந்தது அது. நிரல், படம், குறிப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பதால் யோசித்துக்கொண்டே வரைய அதைவிட வசதி இல்லை. ஆனால் திரையில் தெரிவது வேறு, பின்னால் கெர்னலின் நினைவில் இருப்பது வேறு. ஒரு செல்லை அழித்தாலும் அது உண்டாக்கிய மாறி நினைவில் உயிரோடு இருக்கும். செல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்கள் 1, 2, 3 என்று வராமல் 7, 3, 12 என்று வந்தால் உஷாராக வேண்டும். கிட்ஹப்பில் கிடைத்த நோட்புக்குகளை ஓட்டிப் பார்த்த 2019 ஆய்வு ஒன்றில், சுமார் 24% தான் பிழையில்லாமல் ஓடின. அதே விடையைத் திரும்பத் தந்தவை சுமார் 4%.

ஸ்பைடர் ஒரு படி மேல். மாறிகளின் பட்டியல் ஓரத்திலேயே தெரியும். தொட்டால் அட்டவணையாகத் திறக்கும். எஃப்5 அழுத்தினால் கோப்பு முதல் வரியிலிருந்து ஓடும். வழக்கமான அமைப்பில் கன்சோலில் மிச்சம் கிடக்கும் மாறிகளை அது எடுத்துக்கொள்ளாது. ஆனால் எஃப்9 வைத்து வரிவரியாக ஓட்டினால் பழைய ஆபத்து அப்படியே உண்டு.

ஆர் மொழிக்காரர்களுக்கு ஆர்ஸ்டுடியோ. படம் வரைய ஜிஜிபிளாட்2 கையில் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? ஆனால் மூடும்போது நினைவிலுள்ளதைச் சேமிக்கவா என்று கேட்கும். சேமித்தால் அடுத்த முறை பழைய மாறிகளெல்லாம் திரும்பி வந்து நிற்கும். 'வேண்டாம்' என்று அமைப்பிலேயே மாற்றிவிடுங்கள். ஆர் மார்க்டவுனில் 'நிட்' பொத்தான் புதிய அமர்வில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டும். எனக்கு மிகவும் பிடித்த பொத்தான் அது.

மேட்லேபும் அப்படித்தான்: வொர்க்ஸ்பேஸ் கண்ணுக்குத் தெரியும், தானாகக் காலியாகாது. உரிமக் காசு இல்லாதவர்களுக்கு ஆக்டேவ் இருக்கிறது. எளிய மேட்லேப் நிரல்கள் பெரும்பாலும் அதில் அப்படியே ஓடும்.

பிரச்சினையை வேரிலேயே பிடித்தவை ஜூலியா மொழிக்கான புளூட்டோவும், பைத்தானுக்கான மாரிமோவும். ஒரு செல்லை மாற்றினால் அதைச் சார்ந்த செல்கள் தாமே மீண்டும் ஓடும். செல்லை அழித்தால் மாறியும் போய்விடும். ஒரே பெயரை இரண்டு செல்களில் வரையறுக்க விடாது. முதல் நாள் எரிச்சலாக இருக்கும். ஆனால் மழையை ஒரு செல்லில் படித்து, இன்னொன்றில் அதே பெயரில் மாற்றிய என் தப்பை அங்கே செய்யவே முடியாது.

சரி, எதைத்தான் எடுப்பது? நான் இன்னும் ஜூப்பிட்டரில்தான் தேடுகிறேன், பழக்கம் விடவில்லை. ஆனால் மூலத் தரவின் பெயரை மறுபடி பயன்படுத்துவதில்லை. 'மழை' மழையாகவே இருக்கும், சராசரிக்கு வேறு பெயர். யாருக்காவது படத்தைக் காட்டும் முன் கெர்னலை மறுபடி தொடங்கி எல்லாச் செல்களையும் வரிசையாக ஓட்டுகிறேன். ஒரு நிமிஷ வேலை.

அந்த மூன்று பக்கத்தை அழித்துவிட்டேன். இப்போதுள்ள படத்தில் அலை கிடையாது. பார்க்க அழகாக இல்லை, ஆனால் நண்பர் கணினியிலும் அதே படம்தான் வருகிறது.