பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? முதலில் பின் ஸீட்டில் உட்கார்ந்து பாருங்கள்!

ஜீப்புக்கு நம்மிடம் தனி மரியாதை உண்டு. பழைய படங்களில் எஸ்டேட் முதலாளி வருவது அதில்தான். போலீஸ் அதிகாரி வந்து இறங்குவதும் அதில்தான். தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியதும் அதுதான். அதனால்தான் செல்போனில் பழைய வாகன விளம்பரங்களைப் புரட்டும்போது ஒரு மாருதி ஜிப்ஸியோ, முதல் தலைமுறை மஹிந்திரா தாரோ கண்ணில் பட்டால், விரல் தானாக நின்றுவிடுகிறது.

வார இறுதியில் ஏற்காடு, வால்பாறை என்று போய்வர இரண்டாவது வண்டியாக வாங்குகிறவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. பழுதானால் ஒரு மாதம் ஓரமாக நிறுத்திவிட்டு, வேறு வண்டியில் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால், வீட்டுக்கு இருக்கப்போவது அந்த ஒரே வண்டிதான் என்றால்? ஆபீஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி, முகூர்த்தம் என எல்லாவற்றுக்கும் அதுதான் என்றால்? இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

எந்த வண்டி, என்ன குணம்?

நம் ஊர் சந்தையில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. முதலாவது மாருதி ஜிப்ஸி. 1985-ல் அறிமுகமாகி, 2019 வாக்கில் விடைபெற்றது. தொடக்கத்தில் 1 லிட்டர் இன்ஜின், 1990-களில் 1.3 லிட்டர் இன்ஜினுடன் ‘ஜிப்ஸி கிங்’ வந்தது. பெட்ரோல் மட்டும்தான். எடை ஒரு டன் அளவே என்பதால், சேற்றிலும் மணலிலும் ஆடு மாதிரித் தாவி ஏறிவிடும். நம் ராணுவம் இதை ஆயிரக்கணக்கில் வாங்கிப் பயன்படுத்தியதும் அதனால்தான். இந்த 1.3 லிட்டர் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மாருதி எஸ்டீம் காரின் இன்ஜினும். எனவே, பழைய மெக்கானிக்குகளுக்கு இது கை பழகிய இன்ஜின்.

இரண்டாவது, 2010 முதல் 2020 வரை விற்ற பழைய மஹிந்திரா தார். இதில் 2.5 லிட்டர் சி.ஆர்.டி.இ. டீசல் இன்ஜின், சுமார் 105 குதிரைத்திறன் கொண்டது. விலை குறைந்த டி.ஐ. மாடலும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: டி.ஐ. தாரில் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் இழுவிசை போகும் மாடலும் விற்றது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து ‘ஃபோர் வீல்’ என்று நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டுமே லாரி போல தனி சேஸிஸ் மேல் பாடியைப் பொருத்திய வண்டிகள். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே சுமார் 200 மி.மீ. இடைவெளி இருக்கும். குழியோ, உயரமான வேகத்தடையோ அடியில் தட்டாது. கம்பம், போடி பகுதிகளில் இருந்து தினமும் விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றனவே, அந்த ஜீப்புகளைப் பார்த்தால் இந்த இனத்தின் உழைப்பு புரியும். அந்த ஊர்களில் ஜீப் என்பது ஆடம்பரம் அல்ல, தேவை. அதைப் பிரித்து மேய்கிற மெக்கானிக்குகளும் அங்கே இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேறு, செவ்வாய்க்கிழமை வேறு

டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடக்கும். சாலை காலி, காற்று ஜிலுஜிலு. பத்து நிமிடத்தில் மனசு விழுந்துவிடும். நீங்கள் வண்டியோடு வாழப்போவதோ செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி டிராஃபிக்கில்.

அப்போது தெரியும் சங்கதிகள் சில. பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், பாரம் ஏற்றும்போது கம்பீரமாக இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போடும். ஜிப்ஸியில் பவர் ஸ்டீயரிங் எதிர்பார்க்க முடியாது. நெருக்கடியான இடத்தில் பார்க்கிங் போட்டால் தோள்பட்டை கணக்குச் சொல்லும். ஜிப்ஸியில் ஏ.சி. இருந்தால், அது பெரும்பாலும் பின்னாளில் பொருத்தியது. துணிக்கூரை வண்டியில் ஏ.சி. இருந்தும், சித்திரை வெயிலில் அது பாதி வேலைதான் செய்யும்.

இன்னொன்று, ஃபோர் வீல் டிரைவ் பற்றிய நம்பிக்கை. ‘மழையில் ஃபோர் வீல் போட்டுக்கிட்டா பயமே இல்லை’ என்பார்கள். இந்த வண்டிகளில் முன், பின் அச்சுகளை ஒன்றாகப் பூட்டும் முறைதான் இருக்கிறது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் சுற்றவேண்டும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சமாளித்துவிடும். கெட்டியான தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. எல்லா இறுக்கமும் கியருக்கும் ஷாஃப்டுக்கும் போய், அவை தேய்ந்து உடையும். ஆக, உங்கள் தினசரிப் பயணத்தில் அந்த இரண்டாவது லீவர் சும்மாதான் இருக்கும். முக்கியமாக, ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது பிரேக்கும் டயரும்தான்.

வெள்ளத்துக்காக வாங்குகிறவர்களும் உண்டு. 2015 வெள்ளமும், 2023 மிக்ஜாம் புயலும் சென்னைவாசிகள் பலருக்கு இந்த ஆசையை ஊட்டின. உயரமான வண்டி உதவும் என்பது உண்மைதான். ஆனால், எவ்வளவு தண்ணீரில் போகலாம் என்பதை இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் ஜீப் இன்ஜினும் கார் இன்ஜினும் ஒன்றுதான்.

பின் ஸீட்டில் யார்?

விளம்பரத்திலும், விற்பவர் பேச்சிலும் வராத கேள்வி இது. குடும்ப வண்டிக்கு இதுதான் முதல் கேள்வி.

பழைய தாரிலும் பெரும்பாலான ஜிப்ஸிகளிலும் பின்னால் இருப்பது எதிரெதிரே பார்த்து உட்காரும் பெஞ்ச். திடீரென்று பிரேக் பிடித்தால் முன்னே பார்த்து உட்கார்ந்திருப்பவரை பெல்ட் பிடித்து நிறுத்தும். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவரோ பெஞ்சின் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார். அங்கே குழந்தைகளுக்கான பாதுகாப்பு ஸீட்டைப் பொருத்தவும் முடியாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ, குழந்தை ஸீட்டோ கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், அங்கே உட்காரப்போவது நம் குழந்தை.

‘அதுக்கென்ன, முன்னே பார்க்கிற ஸீட்டா மாத்திக்கலாம்’ என்று சொல்வார்கள். பட்டறையில் வெல்டிங் வைத்த ஸீட் விபத்தின்போது தாங்குமா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அழகாக மெத்தை போட்டு இருக்கிறது என்பதால் பத்திரம் என்று ஆகிவிடாது.

ஏர்பேக், ஏ.பி.எஸ். விஷயமும் இப்படித்தான். இந்தியாவில் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய ஜிப்ஸியிலும் தாரிலும் இவற்றைத் தேடினால் கிடைக்காது. வண்டி உயரமாக, இரும்புக்கோட்டை போல இருப்பதால் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. உயரமும் குட்டையான நீளமும் சேர்ந்த வண்டியை வேகத்தில் சட்டென்று ஒடித்தால், காரைவிடச் சுலபமாகக் கவிழும்.

வீட்டில் மூட்டுவலி உள்ள அம்மாவோ, கர்ப்பிணியோ இருந்தால் இன்னொரு சோதனையும் வேண்டும். பின்கதவு வழியாக, யார் கையும் பிடிக்காமல் அவர்களால் ஏறி இறங்க முடிகிறதா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவர்களையே அழைத்துப் போய் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில், வாங்குகிற ஆசாமியும் ஒரு முறை பின்னால் உட்கார்ந்து வரவேண்டும். பல முடிவுகள் அந்த இடத்திலேயே மாறிவிடும்.

காகிதம் பேசட்டும்

* பதிவுக் காலம்: தனியார் வாகனத்துக்குப் பதிவு 15 ஆண்டுகள். 2011-ல் பதிவான வண்டிக்கு 2026-ல் முடிகிறது. அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது; 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு அதைவிடக் கூடுதல். பசுமை வரி தனி.

* வெளிமாநில வண்டி: டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால், அங்கிருந்து மலிவு விலையில் வண்டிகள் தெற்கே வருகின்றன. என்.ஓ.சி., மறுபதிவு, இங்கே கட்டவேண்டிய சாலை வரி மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே அது மலிவா என்று சொல்லமுடியும்.

* மாற்றங்கள்: கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதிசெய்தது. ஆர்.சி. புக்கில் இருக்கும் இன்ஜின், பாடி வகை, ஸீட் எண்ணிக்கை ஆகியவை எதிரே நிற்கும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய டயர், முன்னால் முட்டுக்கம்பி எல்லாம் பார்க்க ஜோர்தான், எஃப்.சி. நாளன்றும், இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளன்றும் அவையே வில்லன்.

* பெயர் மாற்றம்: படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். கடன் பாக்கி, இ-சலான் பாக்கி இருக்கிறதா என்பதை ‘பரிவாஹன்’ தளத்தில் பாருங்கள். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்றால், ஏலக் காகிதத்தில் இருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கவேண்டும்.

அடியில் படுத்துப் பாருங்கள்

பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஜீப்பின் ஜாதகம் அடியில்தான் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் சேஸிஸ் துருவை டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். சேஸிஸில் வெல்டிங் ஒட்டு தெரிந்தால், பேரமே வேண்டாம்; வீடு திரும்புங்கள்.

இன்ஜின் சூடாகும் முன்பே போய்ச் சேருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் எதிரில் நடக்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே கசியலாம். ஸ்டீயரிங்கில் ஆட்டம், கியர் விழும்போது அடியில் ‘டங்’ என்ற ஓசை இரண்டையும் கவனியுங்கள். ஆக்ஸில் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, மண் தரையில் ஃபோர் வீல் ‘ஹை’, ‘லோ’ இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். பல ஆண்டுகள் தொடாத லீவர் சிக்கிக்கொண்டிருப்பது சகஜம்.

பாக்கெட் என்ன சொல்கிறது?

தினம் 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் ஜீப்புக்கு 100 லிட்டர் வேண்டும். 18 கி.மீ. தரும் சிறிய காருக்கு 56 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 4,400 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு 50,000-க்கு மேல். ஐந்து ஆண்டு ஓட்டினால், விலையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் பங்க்கிலேயே கரைந்திருக்கும்.

பெட்ரோல் ஜிப்ஸிக்கு இன்னொரு செலவும் உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ், கேஸ்கட் போன்ற ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம்.

இவற்றோடு டயர், கிளட்ச், ஸ்பிரிங் புஷ், பேட்டரி என்று முதல் ஆண்டு வேலைக்கு ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கவேண்டும். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாது. வாங்கும் விலையிலேயே கையிருப்பு காலியாகிவிடும் என்றால், அந்த வண்டி உங்கள் பட்ஜெட்டுக்கு மேற்பட்டது என்றே அர்த்தம்.

அப்படியானால் வாங்கலாமா?

தோட்டமோ பண்ணையோ இருக்கிறது, வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை, பக்கத்திலேயே ஜீப் தெரிந்த மெக்கானிக், பெரும்பாலும் முன்னால் இரண்டு பேர்தான் பயணம் என்றால், தாராளமாக வாங்குங்கள். எளிமையான இயந்திரம். கவனித்துக்கொண்டால் உங்களோடு நெடுங்காலம் உழைக்கும்.

நகரத்துக்குள் ஓட்டம், பின்னால் பள்ளிக் குழந்தைகள், வீட்டில் முதியவர்கள், வேறு வண்டி கிடையாது என்றால், ஒரே வண்டியாக இதை வாங்காதீர்கள். முன்னே பார்த்த பின் ஸீட்டும், பெல்ட்டும், ஏர்பேக்கும் உள்ள ஒரு சாதாரண காரை முதலில் வாங்குங்கள். ஜீப் ஆசை எங்கும் ஓடிவிடாது. பிள்ளைகள் வளர்ந்து, கையில் கொஞ்சம் காசும் நேரமும் சேர்ந்த பிறகு, அது இரண்டாவது வண்டியாக வரட்டும்.

இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறவர்கள் ஒன்று செய்யலாம். தெரிந்தவரிடம் அதே ரக வண்டியை மூன்று வேலை நாள்களுக்கு இரவல் வாங்கி, வழக்கமான எல்லா வேலைகளுக்கும் ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் இரவு, முடிவை ஓட்டியவர் சொல்லவேண்டாம். பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் சொல்லட்டும்.