1908 மார்ச் 13: திருநெல்வேலி எழுச்சி

தேவதானம் என்ற ஊர் அடங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே இது தேவதானத்தாரின் அன்றைய மாவட்டத்தில் நடந்த கதை.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் ஆயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்தினர். நீண்ட நேர உழைப்பு, அற்பக் கூலி, வார விடுமுறையும் கிடையாது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கிவந்தது; கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

மார்ச் 12-இல் இவ்விரு தலைவர்களும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன; மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறினர். நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எரிந்தன. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கும் தப்பவில்லை. போலீஸ் சுட்டதில் நால்வர் மாண்டனர். இதை வெறும் கலகம் என்று ஒதுக்கிவிட முடியாது: கூட்டத்தின் ஆத்திரம் பெரும்பாலும் அரசுக் கட்டடங்கள் மீதே பாய்ந்தது.

தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மீண்டும் வெளியேறினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, சிறைப்பட்ட தலைவர்களுக்காக! திலகருக்காகப் பம்பாய் ஆலைகள் நின்றது அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் மீது அரசு தண்டப் போலீஸ் வரி சுமத்தியது. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார்.