எந்த ஹோஸைக் கழற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது?

பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினை எடுத்துக் கிற் காருக்குள் வைக்க வெளிக்கிட்டவர்களுக்கு முதல் தலையிடி எஞ்சின் இல்லை. அதைச் சுற்றி இடியப்பம் மாதிரிப் பின்னிக் கிடக்கும் கறுப்பு றப்பர் ஹோஸ்கள்தான். பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒன்றைத் தொட்டு, "அப்பா, இது என்னத்துக்கு?" என்று கேட்கும். பதில் தெரியாவிட்டால் இரண்டு ஆசை வரும்: எல்லாத்தையும் அப்படியே திரும்பக் கொழுவிவிடலாம், அல்லது எல்லாத்தையும் வெட்டி எறிந்து ஓட்டைகளை மூடிவிடலாம். இரண்டும் சரிவராது.

கிற் கார் லண்டனுக்குப் புதிது இல்லை. கொலின் சப்மன் 1952இல் லோட்டஸ் கொம்பனியைத் தொடங்கியது ஹோர்ன்சியில், அவருடைய தகப்பனாரின் பப்புக்குப் பின்னால். ஹைகேற் முருகன் கோயிலில் இருந்து நடக்கக்கூடிய தூரம்தான். 1957இல் லோட்டஸ் செவன் வந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்தக் காலத்துக் கொள்வனவு வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைப் பின்னுக்கிருந்து வாசித்தார்கள் என்றொரு கதை இருக்கிறது. 1973இல் வற் வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை லண்டனுக்குத் தெற்கே உள்ள கேட்டர்ஹாமுக்குப் போனது.

சரி, ஹோஸுக்கு வருவோம். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது காற்றை உறிஞ்சுகிறது, ஆனால் த்ரொட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. ஸ்ட்ரோவின் நுனியை விரலால் பொத்திக்கொண்டு உறிஞ்சுவது மாதிரி. இன்லெற் மனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இந்த உறிஞ்சலைத்தான் வக்கியூம் ஹோஸ்கள் ஒவ்வொரு வேலைக்கும் கொண்டுபோகின்றன.

எங்கட அப்பப்பா காலத்து யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40இல் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயை விட்டால் இந்தச் சோலி பெரிதாக இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மாற்றுவார்கள். எந்தக் குழாய் என்ன செய்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அப்படி ஒரு வேலையைச் செய்ய முடிந்தது என்பது என் எண்ணம்.

ஆகவே கத்தியை எடுக்க முதல் பேப்பரை எடுங்கோ. எஞ்சின் பழைய காரில் இருக்கும்போதே படம் பிடித்து, ஒவ்வொரு ஹோஸின் இரண்டு நுனியிலும் மாஸ்கிங் ரேப் ஒட்டி ஒரே இலக்கத்தை எழுதுங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, என்ன வேலை என்று ஒரு படம் வரையுங்கள். இது பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய வேலை. சின்ன விரல் போகிற இடத்துக்கு எங்கட கை போகாது.

படம் முடிந்ததும் பாதிக்குப் பதில் தானாக வரும். குறூஸ் கொன்ட்ரோல், ஏசி, சில கார்களில் ஹீற்றர் கதவுகளைத் திறந்து மூடும் பகுதிகள் எல்லாம் புதிய காரில் இருக்காது. அவற்றின் ஹோஸும் வேண்டாம். ஆனால் மனிஃபோல்டில் மிஞ்சும் ஓட்டையை ஒழுங்காக அடைக்க வேண்டும். மலிவான றப்பர் மூடிகள் சூட்டில் வெடித்துவிடும். இடம் இருந்தால் ஸ்குரூ பூட்டிய பித்தளை அடைப்பான் நல்லது. சின்ன வெடிப்பு ஒன்று போதும், கணக்கில் இல்லாத காற்று உள்ளே போய் ஐட்லிங் ஏறி இறங்கும்.

இனி, விட்டுவைக்க வேண்டியவை. கிராங்க் கேஸ் மூச்சுக்குழாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி சீல்களால் ஓயில் கசியும். வெளிக்காற்றில் விடுவதும் சரியில்லை. 1972இல் இருந்து வந்த பெற்றோல் வாகனங்களில் அந்த வாயு எஞ்சினுக்குள்ளேயே எரிய வேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். பெற்றோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றருக்கு வக்கியூம் ஹோஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு மூடினால் ஐட்லிங்கில் பெற்றோல் தேவைக்கு மேல் போகும். தாங்கியின் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவை எடை குறைக்க என்று பலர் கழற்றுகிறார்கள். நான் கழற்ற மாட்டேன். லண்டனில் எத்தனை வீட்டில் கராஜும் சமையலறையும் ஒரே சுவர்? கொய்லர் அங்கேதான் இருக்கும், பிள்ளையின் சைக்கிளும் அங்கேதான்.

எல்லாவற்றையும் விடப் பெரியது பிறேக் சேர்வோவின் தடித்த ஹோஸ். உங்கள் காலின் பலத்தைப் பெருக்குவது அதுதான். அதில் ஒருவழி வால்வு இருக்கிறது, உறிஞ்சலில் நசிந்துபோகாத உறுதியான ஹோஸும் வேண்டும். அதில் ரீ போட்டு வேறு எதற்கும் வக்கியூம் எடுக்காதீர்கள். "கேட்டர்ஹாம் செவனில் சேர்வோவே இல்லையே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அது அநேகமாக 600 கிலோவுக்கும் குறைந்த கார், பிறேக்கும் அதற்கேற்றபடி அமைத்தது. எம்எக்ஸ்-5இன் பெடலும் மாஸ்ரர் சிலிண்டரும் சேர்வோவோடு சேர்த்து வடிவமைத்தவை. கிற் தயாரிப்பாளர் சொல்லாமல் அதை எடுக்க வேண்டாம்.

புது ஹோஸ் வாங்கும்போது நீல சிலிக்கோன் கண்ணுக்கு அழகுதான். காற்று மட்டும் போகும் இடத்துக்குச் சரி. ஓயில், பெற்றோல் ஆவி போகும் இடத்துக்கு அதற்கென்றே செய்த றப்பர் ஹோஸ் வேண்டும்.

முதன்முதலில் ஸ்ரார்ட் பண்ணிய அன்று ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்தி, பிறேக்கை நாலைந்து தரம் அழுத்துங்கள். பெடல் இறுகும். காலை எடுக்காமல் ஸ்ரார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கார் கராஜை விட்டு வெளியே போகக்கூடாது. கசிவு தேட, சூடான எஞ்சினில் கிளீனர் ஸ்பிரே அடிக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் காட்டாதீர்கள், அது தீப்பிடிக்கும். புகை விட்டுக் கசிவு பார்க்கும் கருவி உள்ள கராஜுக்குக் கொண்டுபோவது மேல்.

பிறகு ஐவிஏ சோதனை. பிறேக்கும் புகையும் அங்கே பார்க்கப்படும். எஞ்சின் எந்த ஆண்டுத் தயாரிப்பு என்பதற்கு ஆதாரம் இருந்தால் அந்த ஆண்டுக்குரிய புகை அளவு பொருந்தும், ஆகவே பழைய காரின் பத்திரங்களை எறிந்துவிடாதீர்கள். இன்னொன்று, யூலெஸ் 2023 ஓகஸ்ட் 29இல் இருந்து லண்டன் முழுவதும் இருக்கிறது. பெற்றோல் கார் யூரோ 4 தரத்தில் இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். 90களின் எஞ்சின் அநேகமாக அந்தத் தரத்துக்கு வராது. எந்த எஞ்சின் என்பதை இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.