எலும்புக்குள் ஒரு வழி

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்போது, "நரம்பு கிடைக்கவில்லையே" என்று நர்ஸ் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, தட்டித் தட்டித் தேடுவார். அவர் தேடுவது உண்மையில் நரம்பை அன்று. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரையைத்தான்.

நலமாக உள்ளவரிடம் சிரையைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் கடும் வயிற்றுப்போக்கால் உடல் நீரை இழந்துவிட்ட ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதன் இரத்தத்தின் அளவு குறைந்துவிட்டது. மூளைக்கும் இதயத்துக்கும் தட்டுப்பாடு வரக்கூடாதென்று, தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் குழாய்களை உடல் சுருக்கிவிடுகிறது. கைகால்கள் சில்லிட்டுப் போகின்றன. சிரையின் சுவர் மெல்லியது. உள்ளே இரத்தம் குறைந்தால், காற்றிறங்கிய சைக்கிள் ட்யூபைப் போல அது தட்டையாகிவிடும். நீர் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் நீர் புகும் வாசல் மூடிக்கொள்கிறது!

இந்நிலையிலும் சுருங்காத இரத்தக் குழாய் உடலில் எங்கேனும் உண்டா? உண்டு. எலும்புக்குள்!

எலும்பு உயிரற்ற கட்டை அன்று. அதன் கெட்டியான ஓட்டுக்குள்ளே, கடற்பஞ்சு போன்ற பகுதியில் மஜ்ஜை நிறைந்திருக்கிறது. மஜ்ஜையில் வலைபோல் பின்னிக் கிடக்கும் நுண்குழாய்கள் பெரிய சிரைகளோடு இணைகின்றன. சுற்றிலும் எலும்பு தாங்கி நிற்பதால் இவை ஒட்டிப்போவதில்லை.

1922-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் செசில் டிரிங்கரும் உடன் ஆராய்ந்தவர்களும், மஜ்ஜையில் செலுத்திய திரவம் பொது இரத்த ஓட்டத்தில் கலப்பதைக் காட்டினர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்றோருக்கு இம்முறை கைகொடுத்தது. 1950-களில் சிரைக்கேற்ற பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. எலும்பு வழி மறக்கப்பட்டது. பின்னர், காலரா பரவியிருந்த இந்தியாவில் இது பயன்படுவதைக் கண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் ஆர்லோவ்ஸ்கி, 1984-இல் மருத்துவ இதழொன்றில் இதை நினைவூட்டி எழுதினார். மறந்த வழி மீண்டும் திறந்தது.

உங்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். தசை இன்றி, தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டையாகத் தட்டுப்படுகிறதல்லவா? ஊசி போட ஏற்ற இடம் இதுவே. பெரியவர்களுக்குத் தோளருகே மேற்கை எலும்பிலும் போடலாம். ஊசியைக் கையால் அழுத்தித் திருகியோ, பாட்டரியால் இயங்கும் சிறு துளைப்பானாலோ செலுத்துவார்கள். ஓட்டைத் துளைத்து மஜ்ஜையை எட்டியதும் தடை சட்டென்று தளரும். பயிற்சி பெற்றவருக்கு ஒரு நிமிடமே போதும்.

உப்பு நீர், இரத்தம், அவசர மருந்துகள் எல்லாவற்றையும் இவ்வழியே செலுத்தலாம். ஆனால் பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டால் மட்டும் போதாது. அழுத்தம் கொடுத்துச் செலுத்த வேண்டும். அப்போது வலி எடுக்கும். ஆகவே நினைவுள்ள நோயாளிக்கு முதலில் மரப்பு மருந்து செலுத்துவார்கள். முறிந்த எலும்பில் ஊசி போடமாட்டார்கள். திரவம் முறிவின் வழியே கசிந்துவிடும். கிருமி தொற்றாதிருக்க, பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஊசியை எடுத்துவிடுவார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் எலும்பிலேயே போடலாமே என்று கேட்பீர்கள். தேவையில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன பெரியவர்களிடம் பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் இரு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2024-இல் வெளியான முடிவுகளின்படி, உயிர் பிழைப்பதில் எலும்பு வழி சிரை வழியை விஞ்சவில்லை. எனவே சிரை கிடைத்தால் சிரை. கிடைக்காவிட்டால், காலத்தை வீணாக்காமல் எலும்பு.

எலும்பு வழியே நீர் ஏற ஏற, ஒட்டிப்போயிருந்த சிரைகள் மெல்லப் புடைக்கும். அப்போது கையிலேயே ஊசி போட்டுவிடலாம். எலும்பு ஊசியின் வேலை முடிந்தது.

இது மருத்துவமனையின் வேலை. உங்களால் ஆவது ஒன்று உண்டு: வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வாய் வழியே நீர் செல்லும்வரை எலும்பின் வழி தேவைப்படாது.