குத்தகைக்காகக் கடல் கடந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐர்லாந்து தேசத்தின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடியானவனுக்கு, வருஷத்தில் பாதி நாள் சொந்தக் குடிசையில். மீதி நாள் கடலுக்கு அப்பால், அன்னியன் வயலில்.

அவனுக்கு இருந்தது சிறு குத்தகை நிலம். அதில் விளையும் உருளைக்கிழங்கே குடும்பத்தின் ஆகாரம். வசந்த காலத்தில் கிழங்கை நட்டு, விறகுக்குப் பதிலாக எரிக்கும் சதுப்புநில மண்கட்டிகளை வெட்டி உலர்த்திவிட்டால், பிறகு அங்கே வேலை இல்லை. பழைய கிழங்கு தீர்ந்து புதுக் கிழங்கு வரும் வரையில் பட்டினிதான். அப்பொழுது அவன் கதிர் அரிவாளுடன் துறைமுகத்தை நோக்கி நடப்பான். மனைவியும் மக்களும் குடிசையை அடைத்துவிட்டு ஊர் ஊராய்ப் பிச்சையெடுக்கக் கிளம்புவதும் உண்டு.

இத்தகைய கூலியாட்களை ஐரிஷ் பாஷையில் 'ஸ்பால்பீன்' என்பார்கள். 1841-ஆம் வருஷக் கோடையில் துறைமுகங்களில் எடுத்த கணக்கின்படி, 57,651 பேர் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கப்பலேறினார்கள். நீராவிக் கப்பலின் திறந்த மேல்தட்டில், மழையிலும் காற்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு பிரயாணம். கரையேறியதும் முதலில் புல்லறுப்பு, பின்பு தானிய அறுவடை, கடைசியில் கிழங்கு பறிப்பு. இரவில் படுக்கை வைக்கோல் கொட்டகையில்.

இவ்வாறு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சில பவுன்களைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வீடு திரும்புவான். அந்தப் பணம் யாருக்கு? ஜமீன்தாருக்கு! குத்தகைப் பாக்கி நின்றால் குடிசையும் போய்விடும். ஜமீன்தார்களிலோ பலர் இங்கிலாந்தில் வசித்தவர்கள். ஆங்கிலேயர் வயலில் பெற்ற கூலி, ஐரிஷ் குடியானவன் கை வழியாக மறுபடியும் இங்கிலாந்துக்கே போய்ச் சேர்ந்தது.

இந்த அநீதியைப் பிள்ளைப் பிராயத்திலேயே அனுபவித்தவர் மைக்கேல் டேவிட். 1846-இல் மேயோ ஜில்லாவில் பிறந்த அவர் நாலு வயதுக் குழந்தையாக இருந்தபோது, குத்தகைப் பாக்கிக்காகக் குடும்பமே தெருவில் நிறுத்தப்பட்டது. லங்காஷயர் பஞ்சாலையில் வேலை செய்கையில், பதினோராம் வயதில் வலக்கையை இழந்தார். 1879-இல் அவர் முன்னின்று ஸ்தாபித்த நிலச் சங்கத்தின் கிளர்ச்சியால், நியாயமான குத்தகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும் சட்டம் 1881-இல் பிறந்தது.

ஆனால் குத்தகை குறைந்தும், மேற்குக் கரையின் கல்லாங்காடு குடும்பத்தைத் தாங்கவில்லை, கடற்பிரயாணமும் நிற்கவில்லை. 1894-ஆம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, ஸ்காட்லாந்தில் கிழங்கு பறிக்கப் புறப்பட்ட அக்கில் தீவின் இளைஞரும் யுவதிகளும் கப்பலைப் பிடிப்பதற்காகப் படகில் சென்றார்கள். வெஸ்ட்போர்ட் துறையருகே படகு கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். அக்கிலுக்கு அப்பொழுதுதான் ரயில் பாதை போட்டு முடியும் தறுவாயில் இருந்தது. அதில் முதன்முதல் ஓடிய வண்டி, அவர்களுடைய சடலங்களைச் சுமந்து வந்தது.